ஒரு மான், ரெண்டு மான்

கோணேஸ்வரத்துக்குப் போற வழியில, கோட்டை வாசலைத் தாண்டினாப் பிறகு மரத்தடியில மான் நிக்கும். திருகோணமலைக்காரருக்கு இது ஒரு புதினமும் இல்லை, வெளியூர்ச் சனம்தான் வானை நிப்பாட்டிப் படம் எடுக்கும். 2021 மார்கழியில ஒரு நாள் விடியப்புறம் மகளோட பூசைக்குப் போய்க்கொண்டிருக்கேக்க பாத்தன், ரெண்டு மான் பக்கத்தில பக்கத்தில ஒட்டிக்கொண்டு நிக்குது, ரெண்டும் ஒரே நேரத்தில தலையைத் திருப்புது, ஒரே நேரத்தில காதை ஆட்டுது. வடிவா இருக்கு எண்டு நினைச்சு "அங்க பார் அம்மா, ரெண்டு மானும் சோடியா நிக்கிறதை" எண்டன். மகள் என்னைத் திரும்பிப் பாத்திட்டு "ஒரு மான்தானே அம்மா நிக்குது" எண்டாள்.

பகிடி விடுறாள் எண்டு நினைச்சுத்தான் ஒரு கண்ணைப் பொத்திப் பாத்தன். ஒரு மான். கையை எடுத்தா ரெண்டு.

அண்டைக்கு கோயில்ல என்ன கும்பிட்டன் எண்டே ஞாபகம் இல்லை. தலைக்குள்ள கட்டி, பாரிசவாதம், கண் போகப்போகுது, பிள்ளையை ஆர் பாப்பினம், இப்பிடியே ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு போட்ட அந்தச் சின்னக் குளிசையை மட்டும் ஒருக்காலும் நினைக்கேல்ல.

குளிசைக் கதையை முதல்ல சொல்லோணும். அப்பாவை 2021 ஓகஸ்ட்ல கொரோனா கொண்டு போனது. முகம் பாக்க ஏலாமப் போச்சு, அந்தியேட்டி கூட நாலு பேரோட. அதுக்குப் பிறகு ஒரு மாசம் நான் நல்லாத்தான் இருந்தனான், எல்லாரும் "அவள் திடமானவள்" எண்டு சொன்னவை, பிறகு ஒரு நாள் கந்தோரில சம்பளக் கணக்குப் பாத்துக்கொண்டிருக்கேக்க சும்மா இருந்தாப்போல நெஞ்சு படபடவெண்டு அடிக்கத் தொடங்கி, கை விறைச்சு, மூச்சு ஏறாம, சாகப்போறன் எண்டே நினைச்சு, ஓட்டோ பிடிச்சு ஆசுப்பத்திரிக்கு ஓடினா ஈசிஜி சுத்தமா இருக்கு. இப்பிடி மூண்டு தரம். கடைசியில மனநல டொக்டர் ஒருத்தரை சனல் பண்ணிக் காட்ட, அவர் ஆறுதலா எல்லாம் கேட்டிட்டு ரெண்டு மருந்து எழுதினவர். ஒண்டு மெதுவா வேலை செய்யிறது, மற்றது அது பிடிக்கிற வரைக்கும் கொஞ்ச நாளைக்கு எண்டு குளோனசெபாம் 0.5 மில்லிகிராம், இரவில ஒண்டு. "கொஞ்ச நாளைக்கு" எண்டு அவர் வடிவாச் சொன்னவர், அது அவரில பிழை இல்லை. நித்திரை வந்தது, படபடப்பு நிண்டது, நான்தான் பிறகு கிளினிக்குக்குப் போகாம அதே மருந்துத் துண்டை வைச்சு வைச்சு பாமசியில வாங்கிக்கொண்டிருந்தனான். ஒரு பாமசிக்காரரும் "எத்தினை மாசமா எடுக்கிறீங்கள்" எண்டு கேக்கேல்ல. கேட்டிருந்தா நான் வேற பாமசிக்குப் போயிருப்பன், அதையும் சொல்லத்தான் வேணும்.

மானுக்கு முதலே அறிகுறிகள் இருந்தது, எனக்குத்தான் விளங்கேல்ல. நான் சனி ஞாயிறில சாறி பிளவுஸ் தைக்கிறனான், ஊசிக்கு நூல் கோக்கிறது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்யிற வேலை மாதிரி. அந்த நாளுகளில நூல் ஊசிக் காதுக்குப் பக்கத்தால போகும், திரும்பப் பக்கத்தால போகும், கடைசியில மகளைக் கூப்பிட்டுக் கோக்க வேண்டிவரும். கந்தோரில எக்செல்ல ஒரு வரியைப் பிடிச்சு வலப்பக்கம் போனா முடிவில வேற வரியில நிப்பன், ஸ்கேலை ஸ்கிரீனில வைச்சுப் பாக்கிற நிலைமைக்கு வந்திட்டன், பக்கத்து மேசைத் தங்கச்சி சிரிப்பாள். தூரத்தில இருந்து கிட்டப் பாத்தா எழுத்துத் தெளியிறதுக்கு ரெண்டு மூண்டு செக்கன் எடுக்கும். கண்ணுக்குள்ள மண் விழுந்தமாதிரி ஒரு வறட்சி. பின்னேரம் ஆக ஆக இதெல்லாம் குறையும், விடியத்தான் மோசம். அந்த ஒரு விசயத்தை மட்டும் யோசிச்சிருந்தாலே கண்டுபிடிச்சிருக்கலாம், இரவு போடுற மருந்து விடியத்தானே கூட நிக்கும். எங்க யோசிச்சன்.

அம்மா ஒரு நாள் என்னை உத்துப் பாத்திட்டு "என்ன பிள்ளை, உன்ர கண் கண்ணாடிக் குண்டு மாதிரிக் கிடக்கு, உயிரில்லாம" எண்டா. எனக்குக் கோபம் வந்திட்டுது. கன மாசத்துக்குப் பிறகு அந்தக் குளிசையோட வாற விபரத்தாளை இணையத்தில தேடி ஆறுதலா வாசிச்சா, பக்கவிளைவுப் பட்டியலில அப்பிடியே போட்டிருக்கு, இரட்டைப் பார்வை, கண் தன்பாட்டில துடிச்சு ஆடுறது, கண் அசைவில கோளாறு, அதோட கண்ணாடி மாதிரிக் கண் எண்டும். அஞ்சாம் வகுப்பு படிச்ச மனுசி ஒரு பார்வையில சொன்னதை அமெரிக்காவில மருந்துக் கொம்பனி தாளில அச்சடிச்சு வைச்சிருக்கு.

மான் கண்டு ஒரு கிழமையால கண்ணாடிக் கடைக்குப் போனன். மெஷினில நாடியை வைச்சு, எழுத்து வாசிச்சு, "உங்களுக்கு நாப்பது தாண்டிட்டுது தானே, வெள்ளெழுத்து" எண்டு, மேல்ப்பாதி தூரத்துக்கும் கீழ்ப்பாதி கிட்டவுக்குமா இருக்கிற புரோகிரசிவ் லென்ஸ் போடச் சொன்னவை. வெள்ளெழுத்து தொடங்கியிருந்தது உண்மைதான், எனக்கு அப்ப நாப்பத்திமூண்டு. ஆனா அதால மான் ரெண்டாகாது. அவை "ஏதும் மருந்து எடுக்கிறீங்களோ" எண்டு கேட்டவை, நான் "பிரஷருக்கும் இல்லை, சீனிக்கும் இல்லை" எண்டு சொல்லிட்டு வந்தனான். பொய் சொல்லேல்ல எண்டு மனச்சாட்சிக்கு ஒரு சமாதானம். திருகோணமலை சின்ன ஊர், கண்ணாடிக் கடையில நிக்கிற பிள்ளையின்ர பெரியம்மா எங்கட தெருவில இருக்கிறா, "அவ பைத்தியக் குளிசை எடுக்கிறாவாம்" எண்ட கதை நான் வீட்டுக்குப் போறதுக்கு முதல் வீட்டுக்குப் போயிடும். இருபத்தெட்டாயிரம் ரூபா. புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்துறைமுக வீதியால ஸ்கூட்டியில வந்தன், வெள்ளைக்கோடு ரெண்டாப் பிரிஞ்சு பிரிஞ்சு சேருது. வீதியில மாடு படுத்திருக்கிற ஊர் இது. எப்பிடி வீடு வந்தன் எண்டு தெரியாது.

இப்ப விளங்கினதைச் சொல்லுறன். உப்புவெளிக் கரையில கரைவலை இழுக்கிறதைப் பாத்திருப்பீங்கள். வலையின்ர ரெண்டு தலைப்பையும் ரெண்டு பக்கம் நிண்டு இழுப்பினம், ஒருத்தர் குரல் குடுக்க ரெண்டு பக்கமும் ஒரே அளவில இழுத்தாத்தான் வலை நேராக் கரைக்கு வரும், ஒரு பக்கம் களைச்சுப் பிந்தினா வலை சரிஞ்சுபோகும், மீனும் போயிடும். கண்ணும் அப்பிடித்தான். ஒரு கண்ணுக்கு ஆறு தசை, ரெண்டுக்கும் பன்னிரண்டு, அதெல்லாம் ஒரே குரலுக்கு இழுத்தாத்தான் ரெண்டு கண்ணும் ஒரே மானில போய் நிக்கும். கன பேருக்குக் கண் கொஞ்சம் உள்ளுக்கோ வெளியிலயோ சரிஞ்சு நிக்கத்தான் பாக்கும். மூளை அதை விடாம நேராக்கி நேராக்கிப் பிடிச்சு வைச்சிருக்கிறதால வாழ்நாள் முழுக்க எங்களுக்கே தெரியாது. காய்ச்சல், களைப்பு, குடி, இல்லாட்டி இந்தக் குளிசை, ஏதாவது ஒண்டு வந்து மூளையின்ர பிடி தளர்ந்தா ஒளிஞ்சிருந்த சரிவு வெளியில வந்திடும். அதுதான் என்ர ரெண்டாவது மான்.

குளிசை முக்கியமாப் பிடிக்கிறது கண்ணை இல்லை, குரல் குடுக்கிற ஆளைத்தான் நித்திரையாக்குது. மூளைக்குள்ள காபா எண்டு ஒரு ரசாயனம் இருக்கு, நரம்புகளை அமைதிப்படுத்துறது அதின்ர வேலை. டயசெபாம், லோரசெபாம், அல்பிரசோலம், குளோனசெபாம் இதெல்லாம் ஒரே குடும்பம், பென்சோடயசெபின் எண்டு பேர், காபா செய்யிற வேலையை இன்னும் கூட்டிக் குடுக்கும். பயத்தை உண்டாக்கிற இடத்தை மட்டும் போய்த் தடவிக்குடுத்திட்டு வந்தா நல்லது, ஆனா காபா மூளை முழுக்க இருக்கு, கண்ணை அசைக்கிற மூளைத் தண்டில இருக்கு, தள்ளாடாமப் பிடிக்கிற சிறுமூளையில இருக்கு, விழித்திரையில கூட இருக்கு. பயம் அடங்கேக்க அதுகளும் சேந்து அடங்கும்.

வாசிக்கேக்க கண் ஓடுறேல்ல, பாயும், சொல்லுக்குச் சொல்லு குட்டிக் குட்டிப் பாய்ச்சல். இந்தக் குடும்பக் குளிசைகள் அந்தப் பாய்ச்சலின்ர வேகத்தைக் குறைக்கும், அளவு கூடக் கூட வேகம் குறையும், அது எவ்வளவு ஒழுங்கா நடக்கும் எண்டா, மருந்து ஒருத்தரை எவ்வளவு மந்தப்படுத்தியிருக்கு எண்டு அளக்கிறதுக்கு ஆராய்ச்சிக்காரர் கண் பாய்ச்சல் வேகத்தையும் பாக்கிறவை. என்ர எக்செல் வரி ஏன் வழுக்கினது எண்டு அப்பத்தான் விளங்கினது. ஓடுற பொருளைப் பின்தொடர்ற பார்வையும் விட்டுவிட்டுத்தான் போகும். கிட்டப் பாக்கிறதுக்கு கண் வில்லையைத் தடிக்க வைக்கிற ஒரு குட்டித் தசை இருக்கு, அதுவும் சோரும், நாப்பது தாண்டினவைக்கு ஏற்கெனவே வில்லை இறுகிக் கிடக்கிற நேரம் இது சுமைக்கு மேல சுமை. எல்லாருக்கும் இப்பிடி வாறதும் இல்லை. கன பேருக்கு ஒண்டும் தெரியாது, சிலருக்கு முதல் கிழமைகளில வந்திட்டுத் தன்பாட்டில போயிடும், அளவு கூடினா, வயசு போனா, ஈரல் பழுதெண்டா கூடத் தெரியும். வருசக்கணக்கா எடுத்தவையில சிலருக்கு இமை தன்பாட்டில இறுக்கிப் பூட்டுற வருத்தம் வந்ததெண்டு யப்பான் கண் டொக்டர்மார் எழுதியிருக்கினம்.

அப்பாட காலத்து ஆக்களுக்கு இதெல்லாம் "வேலியம்" எண்டுதான் தெரியும். 1963ல வந்த குளிசை அது, அதுக்கு மூண்டு வருசம் முதல் லிப்ரியம். ரெண்டையும் கண்டுபிடிச்சவர் லியோ ஸ்டேர்ன்பாக், ரோஷ் கொம்பனியில வேலை செய்தவர், முதலாவதைக் கண்டுபிடிச்சதே ஆய்வுகூடத்தைத் துப்புரவாக்கேக்க ஒதுக்கி வைச்சிருந்த ஒரு பழைய சாமானைச் சோதிச்சுப் பாத்துத்தான். யுத்த காலத்தில இஞ்ச எத்தினை வீட்டில அந்த மஞ்சள் குளிசை இருந்தது, எங்கட மாமி ஒருத்தி சுருக்குப்பைக்குள்ள வெத்திலையோட வைச்சிருப்பா. அவ படியில தடுமாறுறதை, பூசணிக்காயை வெட்டப் போய் விரலை வெட்டினதை, "வயசு போட்டுது" எண்டு நாங்கள் சிரிச்சிருக்கிறம். டயசெபாம் உடம்பில பாதியாக் குறையிறதுக்கே ஒரு நாள் ரெண்டு நாள் எடுக்கும், உடம்புக்குள்ள அது உடைஞ்சு உண்டாகிற பிள்ளைச் சரக்கு இன்னும் கன நாள் நிக்கும், வயசானவைக்கு இன்னும் கூட. மாமிக்கு எத்தினை படி தெரிஞ்சதோ.

என்ர கதைக்கு வாறன். ரெண்டாத் தெரியுது எண்ட பயம் படபடப்பைக் கூட்டினது, படபடப்புக் கூடினதால நான் இன்னொரு அரைக் குளிசை கூடப் போட்டன், அதால இன்னும் ரெண்டாத் தெரிஞ்சது, அதால இன்னும் பயம். செக்கு மாடு மாதிரி. பயமும் கண்ணைத் தொடும் எண்டதுதான் இதில பெரிய சிக்கல், பதட்டத்தில கண்மணி விரியும், வெளிச்சம் கூசும், மங்கும், எது வருத்தம் எது மருந்து எண்டு எடுக்கிற ஆளுக்கே பிரிக்க ஏலாது.

பிறகு 2022 வந்தது, நாட்டில பொருளாதார நெருக்கடி. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, கறண்ட் இல்லை, பாமசியில மருந்து இல்லை. ஆனி மாசம் என்ர குளிசை முடிஞ்சுது. டவுனில நாலு பாமசி, உப்புவெளியில ஒண்டு, இவர் சைக்கிள்ல கிண்ணியா வரைக்கும் போய்க் கேட்டிட்டு வேர்த்துக் குளிச்சு வந்தவர், எங்கயும் இல்லை. நான் பெரிய வீரி மாதிரி "இல்லாட்டி என்ன, இதோட விடுவம், கண்ணும் சரியாகும்" எண்டன்.

முதல் மூண்டு நாள் ஒண்டும் இல்லை. நாலாம் நாள் விடிய முத்தத்து வெளிச்சம் கண்ணுக்குள்ள ஊசி மாதிரி இறங்கினது. வெளிச்சம் எண்டா டச் பேயில மத்தியானம் கடல் மினுங்குமே, அந்த மினுக்கம் வீட்டுக்குள்ள, மூடின கதவுக்குள்ள. சுவரில பாத்தா சுவர் மூச்சு விடுற மாதிரி அசையும். எழுத்துகள் நெளியும். நித்திரை இல்லை, கை நடுக்கம், காதுக்குள்ள இரைச்சல், படபடப்பு பழையதைவிட ரெண்டு மடங்கு. கறண்ட் போன இரவுகள் எல்லாரும் சபிச்ச இரவுகள், எனக்கு அந்த இருட்டு மட்டும்தான் ஆறுதல். குளோனசெபாம் உடம்பில பாதியாக் குறைய முப்பது நாப்பது மணித்தியாலம் எடுக்கும், அதாலதான் மூண்டு நாள் ஏமாத்திப்போட்டு நாலாம் நாள் பிடிச்சது. இதைச் சும்மா கண் கூச்சம் எண்டு நினைக்கக் கூடாது, மாசக்கணக்கா எடுத்திட்டு ஒரேயடியா நிப்பாட்டினா வலிப்பே வரும், உயிர் ஆபத்து. குளோனசெபாம் முதன்முதல் வந்ததே வலிப்பு நோய்க்குத்தான். 2020ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இந்தக் குடும்பக் குளிசை எல்லாத்தின்ர தாளிலயும், உடம்பு பழகிப்போறதையும் திடீரெண்டு விட்டா வாற ஆபத்தையும் கட்டம் போட்டு அச்சடிக்கச் சொன்னது. நான் அதுக்குள்ளயே நிண்டுகொண்டு "வீரி" வேசம் போட்டிருக்கிறன்.

ஒன்பதாம் நாள் அம்மாவுக்குக் கண் கிளினிக், வெண்படலம் காட்டுறதுக்கு. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நான்தான் கூட்டிக்கொண்டு போனனான். டொக்டர் அம்மாவைப் பாத்து முடிச்சிட்டு என்னைப் பாத்து "உங்களுக்கு என்ன?" எண்டார். நான் "வெயில், டொக்டர்" எண்டன். அம்மா கதிரையில இருந்தபடியே, "இல்லை டொக்டர், பிள்ளை இரவில நித்திரைக் குளிசை ஒண்டு போடுறவள், இப்ப கடையில இல்லாம நிப்பாட்டிப்போட்டாள், அதுக்கு முதல் எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது எண்டவள்." எனக்கு நிலம் பிளந்தா உள்ளுக்குப் போயிருப்பன். அம்மாவுக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேக்காதேங்கோ, அலுமாரிக்குள்ள சாறிக்கு அடியில ஒளிச்சது எந்தத் தாய்க்குத் தெரியாம இருக்கும்.

டொக்டர் சிரிக்கேல்ல, முகம் சுளிக்கேல்ல. குளிசையின்ர பேரைக் கேட்டார், எத்தினை மாசம் எண்டார், என்னைக் கதிரையில இருத்தி ஒரு கண்ணைக் கையால மூடச் சொன்னார். அந்த முதல் கேள்விதான் முக்கியமாம், ஒரு கண்ணை மூடினா இரட்டை மறையுதோ எண்டது. மறைஞ்சா ரெண்டு கண்ணும் சேந்து இழுக்கிறதில பிசகு. ஒரு கண்ணாலயே ரெண்டாத் தெரிஞ்சா வில்லையிலயோ கருவிழியிலயோ பாக்கோணும். பிறகு கண் மேல ஒரு கட்டையை மாத்தி மாத்தி வைச்சு எடுத்து, கண் எந்தப் பக்கம் சரியுது எண்டு அளந்தவர். கடைசியா கண்ணில மரக்கச் சொட்டு விட்டு ஒரு கண்ணாடி வில்லையைக் கண்ணோட ஒட்டவைச்சு உள்மூலையைப் பாத்தவர். அது ஏன் எண்டு கேட்டன்.

கண்ணுக்குள்ள ஒரு நீர் ஊறி, கருவிழிக்கும் கண்மணித் திரைக்கும் இடையில இருக்கிற மூலையால வடிஞ்சுகொண்டே இருக்கும். சிலருக்கு அந்த மூலை பிறவியிலயே ஒடுக்கம், வயசு போகப் போக இன்னும் ஒடுங்கும். அப்பிடியானவை கண்மணி விரியப் பண்ணுற மருந்து எடுத்தா சில வேளை அந்த வடிகான் அடைபட்டு கண் அழுத்தம் மணிக்கணக்கில ஏறிடும், கண் சிவந்து, தாங்கேலாத நோவு, சத்தி, லைட்டைச் சுத்தி வானவில் வளையம், பாக்காம விட்டா பார்வை போயிடும். அப்பிடி மூலை மூடின குளுக்கோமா வந்தவைக்கு இந்தக் குளிசைகள் குடுக்கக் கூடாது எண்டு தாளிலயே இருக்கு. வடிகான் திறந்த வகைக் குளுக்கோமாக்காரர் அதுக்கு ஒழுங்கா வைத்தியம் செய்துகொண்டு எடுக்கலாம். இதில பென்சோக் குடும்பத்தைவிட அமிட்ரிப்டிலின் மாதிரிப் பழைய மனச்சோர்வு மருந்துகளுக்குத்தான் கூடப் பயப்படோணுமாம், வாயும் கண்ணும் வறளுறதும் அதுகளாலதான் கூட. எனக்கு மூலை அகலமா இருந்தது. அம்மாவுக்குத்தான் ஒடுக்கம், அதுவும் அண்டைக்குப் பிடிபட்டது. என்னைக் காட்டிக்குடுக்கப் போய் தானே மாட்டுப்பட்டா.

இதை வாசிச்சிட்டு ரெண்டாத் தெரியிற எல்லாத்துக்கும் குளிசையைச் சாட்டிப்போட்டு இருந்திடாதேங்கோ. திடீரெண்டு இரட்டை வந்து, கூடவே ஒரு இமை விழுந்தா, முகம் கோணினா, பேச்சுக் குழறினா, ஒரு பக்கம் வலு இழந்தா, இதுவரை வராத தலையிடி வந்தா, அது வேற கதை, 1990 அம்புலன்சுக்கு அடிச்சு உடன ஆசுப்பத்திரிக்குப் போங்கோ.

கண் டொக்டர் ஒரு கடிதம் எழுதித் தந்தவர், அதைக் கொண்டு திரும்ப மனநல டொக்டரிட்டப் போனன், பத்து மாசத்துக்குப் பிறகு, பள்ளிக்கூடம் கட் அடிச்ச பிள்ளை மாதிரி. அவர் ஏசேல்ல. ஆசுப்பத்திரியில கிடைச்ச டயசெபாமுக்கு மாத்தி, அளவைக் கணக்குப் பாத்து, திரும்பத் தொடங்கி, பிறகு துளித்துளியாக் குறைச்சார். இங்கிலாந்தில நியூகாசிலில ஹெதர் அஷ்ரன் எண்ட பேராசிரியர் 1982ல இருந்து 12 வருசம் இந்தக் குளிசையை விடுறவைக்கெண்டே கிளினிக் நடத்தினவவாம், நீண்ட நேரம் நிக்கிற டயசெபாமுக்கு மாத்தி மெல்ல மெல்ல இறக்கிற வழி அவவாலதான் கன இடத்துக்குப் பரவினது. எனக்கு எட்டு மாசம் எடுத்தது. ஒவ்வொரு தரம் குறைக்கேக்கயும் ரெண்டு மூண்டு நாள் வெளிச்சம் கூசும், பிறகு அடங்கும். நடுவில ஒருக்கா அவசரப்பட்டு நானே கூடக் குறைச்சு, சுவர் திரும்ப மூச்சு விடத் தொடங்க, ஓடிப்போய் ஒத்துக்கொண்டன். அந்த எட்டு மாசமும் ராத்திரியில ஸ்கூட்டி தொடேல்ல, கண்ணாடியும் மாத்தேல்ல. குளிசை ஏறியிறங்கிற காலத்தில எடுக்கிற கண் அளவு நிக்காது எண்டு டொக்டர் மறிச்சுப்போட்டார்.

இப்ப படபடப்பு இடைக்கிட வரும். போன மாசமும் வந்தது, வங்கி வரிசையில. முதல்ல எழுதின, மெதுவா வேலை செய்யிற அந்த மருந்தை இன்னும் எடுக்கிறன், அதை ஒளிக்கிறதும் இல்லை, சாப்பாட்டு மேசையில உப்புப் போத்தலுக்குப் பக்கத்திலதான் கிடக்கு, வாற சொந்தக்காரர் பாத்திட்டு "இது என்னத்துக்கு" எண்டு கேட்டா "நெஞ்சு பயத்துக்கு" எண்டு சொல்லுவன், அவை கதையை மாத்துவினம். அதில ரெண்டு பேர் பிறகு தனிய ஃபோன் எடுத்து எந்த டொக்டர் எண்டு கேட்டவை.

வாசிக்க எனக்குக் கடைசியில தேவைப்பட்டது +1.00 கண்ணாடி, தெருவோரக் கடையில வாங்கினது. அந்த இருபத்தெட்டாயிரம் ரூபாக் கண்ணாடி அம்மாட்ட. அவ அதைப் போட்டுக்கொண்டுதான் அரிசியில கல்லுப் பொறுக்கிறா, கீழ்ப்பாதி நல்லாத் தெரியுதாம், மேல்ப்பாதியால பாத்தா மருமகன் வளைஞ்சு தெரியிறாராம், அது பரவாயில்லையாம்.